காது நல்ல காதுதான்

மலேசியாவில் ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் நான் வேலை செய்யும் ரசாயனத் தொழிற்சாலையில் ஆண்டுக்கு ஒருமுறை காது பரிசோதனை நடக்கும். பம்புகள் ஓடும் இடத்தில் வேலை செய்பவர்கள் எல்லாரும் கட்டாயம் போக வேண்டும். கார் நிறுத்துமிடத்தில் ஒரு வேன் வந்து நிற்கும். அதற்குள் துணி அலமாரி அளவுக்கு ஓர் அறை. கதவைச் சாத்திவிட்டால் நம் மூச்சுச் சத்தமே நமக்குக் கேட்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, 'பீப்' என்று கேட்கும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். பதினாறு ஆண்டுகளாக அழுத்திக்கொண்டிருக்கிறேன். என்னோடு வேலைக்குச் சேர்ந்த சிலருக்குக் காது மந்தமாகிவிட்டது. எனக்கு மட்டும் ஒவ்வோர் ஆண்டும் "நல்ல காது" என்று சொல்லித் தாளைக் கொடுத்தனுப்புவார்கள்.

அந்தத் தாள்தான் வீட்டில் எனக்கு வினையாக முடிந்தது.

என் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் முகப்பில் உட்கார்ந்து ஆட்களைப் பதிவு செய்யும் வேலையில் இருக்கிறாள். நாள் முழுக்கப் பேசுவதும் கேட்பதும்தான் அவள் வேலை. ஒரு தடவை கேட்டதை மறக்க மாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு நான் வாய்த்தேன். அவள் சமையலறையிலிருந்து ஏதாவது சொல்வாள். நான் "ம்" என்பேன். பத்து நிமிடம் கழித்து வந்து, "என்னா, வெங்காயம் வாங்கப் போகலயா?" என்பாள். "எப்ப சொன்ன?" என்பேன். அங்கே தொடங்கும்.

ஒரு வருடம் அந்தப் பரிசோதனைத் தாளை நான்தான் முட்டாள்தனமாக மேசைமேல் வைத்துவிட்டேன். அவள் எடுத்துப் படித்தாள்.

"காது கேக்கலன்னா பாவம்னு விட்டுருவேன். காதுதான் நல்லா இருக்கே! அப்ப நான் பேசுறதத்தான் நீங்க கேக்கறதில்ல."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என்னிடம் ஏதோ கவனக்குறைவு, அக்கறையின்மை இருக்கிறது என்றுதான் சின்ன வயதிலிருந்து எனக்கும் சொல்லப்பட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசைக்காரன். "செவிடனாடா நீ?" என்று எத்தனை வாத்தியார்கள் கேட்டிருப்பார்கள். செவிடன் இல்லை என்பது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் சாவி விழுந்தால்கூடக் கேட்கும். ஆனால் நாலு பேர் பேசும் இடத்தில் ஒருவர் என்னைப் பார்த்து ஏதாவது சொன்னால், அவர் குரல் வரும், ஏற்ற இறக்கம் வரும், கேள்வி கேட்கிறார் என்பதுகூடப் புரியும். சொல் மட்டும் வராது. வந்தாலும் இரண்டு நொடி கழித்து வரும். அதற்குள் அவர் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார். எத்தனை முறைதான் "என்னா?" என்று கேட்பது? மூன்றாவது முறை கேட்டால் எதிரே இருப்பவரின் முகம் மாறும். அதற்குப் பயந்து நான் கற்றுக்கொண்டதுதான் அந்த "ம்". சிரித்தபடி சொன்னால் பாதி இடங்களில் தப்பித்துவிடலாம்.

எல்லா இடத்திலும் தப்பிக்க முடியாது. மனைவியின் அம்மா வீடு யோங் பெங்கில் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் போவோம். ஒருமுறை அப்படிப் போகும்போது நெடுஞ்சாலையில் அவள் என்னிடம் ஏதோ சொன்னாள். டயர் சத்தம், ஏர்கோன் சத்தம், பின்னால் மகள் கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்த சத்தம். ஓட்டும்போது அவள் வாயைப் பார்க்கவும் முடியாது. நான் "ம்" என்றேன். நேராக யோங் பெங் போய் மாமியார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். மனைவி இறங்கவில்லை.

"ஆயர் ஈத்தாம்ல நிறுத்துங்க, அம்மா பூச்சட்டி கேட்டாங்கன்னு சொன்னேன். ம்னு சொன்னீங்க. ஆயர் ஈத்தாம் போர்டு வந்துச்சு, தாண்டிப் போனீங்க. சரி, வரும்போது வாங்கலாம்னு நினைச்சீங்க போலன்னு நானும் சும்மா இருந்தேன். இப்ப கேக்கறேன், நான் என்னா சொன்னேன்?"

"பூச்சட்டி," என்றேன்.

"இப்ப நான் சொன்னதச் சொல்றீங்க."

அன்று மாலைவரை என்னோடு பேசவில்லை. மாமியாருக்குப் பூச்சட்டிச் சண்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. சாப்பாட்டுக்கு நடுவே, "மாப்பிள்ளை ஏன் வாடிப்போயிருக்காரு?" என்று மட்டும் கேட்டார். அதையும் மாலையில் மனைவிதான் எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

வேலையிடத்தில் இன்னும் மோசமான ஒன்று நடந்திருக்கிறது. நாங்கள் வாக்கி டாக்கியில் மலாயில் பேசிக்கொள்வோம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு வால்வை மூடச் சொன்னார்கள். 'திகா பெலாஸ்', அதாவது பதின்மூன்று. எனக்கு 'திகா பூலோ' என்று விழுந்தது, முப்பது. "ஓகே" என்று சொல்லிவிட்டு முப்பதாம் வால்வில் கை வைத்தேன். எதிரே வந்த கூட்டாளி ஒருவர் பார்த்துவிட்டுக் கையைக் குறுக்கே ஆட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து யார் எந்த எண்ணைச் சொன்னாலும் நான் திருப்பிச் சொல்லி, அவர்கள் "ஆமாம்" என்ற பிறகே தொடுவேன். சிலர் கிண்டல் செய்தார்கள், கிளிப்பிள்ளை என்றார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதெல்லாம் ஒரு பெயர் உள்ள விஷயம் என்று எனக்குத் தெரிந்தது மகளால்தான்.

மகள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது வகுப்பாசிரியை எங்களைக் கூப்பிட்டார். நல்ல ஆசிரியை. கோபக்காரர் இல்லை. மகளின் சொல்வதெழுதுதல் நோட்டை எங்கள் முன்னால் விரித்து வைத்தார். 'கட்டம்' என்று அவர் சொன்ன இடத்தில் 'பட்டம்' என்றிருந்தது. 'காடு' என்ற இடத்தில் 'பாடு'. சில இடங்களில் ஒன்றுமே இல்லை, வெறும் கோடு.

"பாப்பா கெட்டிக்காரி சார். போர்டுல எழுதிப் போட்டா எல்லாருக்கும் முன்னாடி முடிச்சிருவா. வாயால சொன்னா மட்டும் காதுலயே வாங்க மாட்டேங்கிறா. நீலக் கலர் புக்க எடு, இருபதாம் பக்கம் திற, மூணாவது கேள்வி செய்னு சொன்னா, புக்க எடுத்து வச்சிக்கிட்டுப் பக்கத்துல இருக்கிற புள்ளையப் பாத்துக்கிட்டு இருக்கா. கனவு கண்டுக்கிட்டே இருக்கிற மாதிரி."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மகளைத் திட்டத் தொடங்கினாள். "டீச்சர் பேசறப்ப எங்கடி பாத்துக்கிட்டு இருக்க?" மகள் பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள். எனக்கு அது பொறுக்கவில்லை. அவளை முன்வாசலுக்குக் கூட்டிப்போய் மோட்டார் சைக்கிளின் மேல் உட்காரவைத்தேன். அவளுக்குப் பிடித்த இடம் அது.

"டீச்சர் பேசறப்ப உனக்கு என்னாமா கேக்குது?"

"கேக்குதுப்பா. ஆனா வார்த்தை உடனே வர மாட்டேங்குது. ஃபேன் ஓடுது, வெளிய பி.ஜே. கிளாஸ்ல ஓடி விளையாடிக் கத்துறாங்க. எல்லாம் சேந்து வருது. டீச்சர் சொன்னது அப்புறமா வரும். அது வர்றதுக்குள்ள அடுத்தது சொல்லிடுறாங்க."

எட்டு வயதுப் பிள்ளை. நாற்பத்து மூன்று வயதுவரை என்னால் யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்லிவிட்டாள். அந்த விளக்கம் வேறு யாருக்கும் புரிந்திருக்குமா என்று தெரியவில்லை. எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. நான் உள்ளே போய் மனைவியிடம், "அவ பொய் சொல்லல. டாக்டர்கிட்ட காட்டலாம்," என்றேன்.

முதலில் போன கிளினிக்கில் காதைப் பார்த்தார்கள், பீப் சோதனையும் செய்தார்கள். "காது நல்ல காது," என்றார் மருத்துவர். அதே சொற்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் அதோடு அனுப்பிவிடவில்லை. நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஜொகூர் பாருவில் ஓர் ஆடியோலஜிஸ்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கேட்கும் திறனைச் சோதித்து உதவி செய்வதற்கென்றே படித்தவர்கள் அவர்கள். எங்கள் முறை வரச் சில மாதங்கள் ஆயின.

அந்த ஆடியோலஜிஸ்ட் ஓர் இளம் மலாய்ப் பெண். மகளைப் பார்த்ததும் தன் நாற்காலியை அவள் முகத்துக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டுதான் பேசினார். வாக்கியத்துக்கு வாக்கியம் கொஞ்சம் நிறுத்தினார். மகள் அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். "நம்மகிட்டகூட இவ்வளவு பேச மாட்டாளே," என்று மனைவி என் காதில் சொன்னாள். ஆச்சரியமாக, அது எனக்குக் கேட்டது. அந்த அறை அவ்வளவு அமைதி.

சோதனைகள் இரண்டு நாளாக நடந்தன. பிள்ளை களைத்துவிட்டால் முடிவு தப்பாக வரும் என்று பிரித்து வைத்திருந்தார். தமிழில் அந்தச் சோதனை அவரிடம் இல்லை. மலாய் எண்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அவற்றை வைத்துப் பார்த்தார். ஹெட்போனில் வலது காதில் ஓர் எண், அதே நேரத்தில் இடது காதில் வேறோர் எண். இரண்டையும் திருப்பிச் சொல்ல வேண்டும். மகள் வலது பக்கத்து எண்களையே பெரும்பாலும் சொன்னாள். பிறகு, கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே ஒருவர் சொற்களைச் சொல்வார். இது ஒலிபெருக்கியில் வந்தது. நானும் அந்த அறையின் மூலையில் உட்கார்ந்திருந்ததால் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் சொல் கிடைத்தது. இரண்டாவது கிடைக்கவில்லை. மூன்றாவதும் நான்காவதும் கிடைக்கவில்லை. மகள் அவற்றில் சிலவற்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளைவிட மோசம் என்று தெரிந்தது.

எல்லாம் முடிந்து, பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரும் மகளைப் பார்த்து, கவனக் கோளாறு ஏதும் இருக்கிறதா என்றும் விசாரித்த பிறகு, ஆடியோலஜிஸ்ட் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். ஆடிட்டரி ப்ராசஸிங் டிஸ்ஆர்டர் என்றார். அவர் மலாயில் விளக்கியதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன். காது சத்தத்தைச் சரியாகப் பிடித்து அனுப்பிவிடுகிறது. இது பேச்சு, இது காற்றாடி, இது 'க', இது 'ப' என்று பிரித்தெடுக்கும் வேலை மூளையில் நடக்கிறது. அந்த வேலை இவளுக்கு மெதுவாகவும் சிரமமாகவும் நடக்கிறது. அமைதியான இடத்தில் சமாளித்துவிடுவாள். இரைச்சலிலும், வேகமாகப் பேசுபவரிடமும், ஒரே மூச்சில் நாலு கட்டளை கொடுத்தாலும் தடுமாறுவாள். சோம்பல் இல்லை. புத்திக் குறைவும் இல்லை. மருந்து எதுவும் கிடையாது, ஆனால் செய்யக்கூடியவை நிறைய உண்டு.

"எதனால வந்துச்சு?" என்று மனைவி கேட்டாள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் காதில் சீழ் அடிக்கடி வரும். அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு இருப்பதுண்டு, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

அப்போதுதான் நான் கேட்டேன். என்னைப் போன்ற வயதானவனுக்கும் அதைப் பார்க்க முடியுமா என்று. அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் எனக்கு விடுமுறை நாள் எது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

என் முடிவு வந்த அன்று மனைவியும் கூட வந்திருந்தாள். எண்களையும் கோடுகளையும் காட்டி ஆடியோலஜிஸ்ட் விளக்கினார். மகளுக்கு இருப்பதுதான், கொஞ்சம் கூடுதலாக. இத்தனை வருடம் வேலையில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். வாயைப் பார்ப்பேன், எண்ணைத் திருப்பிச் சொல்வேன், கூட்டத்தில் பேசாமல் இருப்பேன் என்றேன். முதல் இரண்டையும் விடாதீர்கள், மூன்றாவதை விட்டுவிடுங்கள் என்றார்.

திரும்பும் வழியில் மனைவி வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். சைகையால்தான் சொன்னாள். நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கச் சொன்னாள். அணைத்தேன். என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"பன்னெண்டு வருஷமா உங்களத் திட்டியிருக்கேன்."

"நானும் பன்னெண்டு வருஷமா ம்னு சொல்லி உன்ன ஏமாத்தியிருக்கேன்ல."

"ஆமா. அது தப்புதான்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லுங்க. நான் நூறு தடவ சொல்றேன். ம்னு மட்டும் சொல்லாதீங்க."

நூறு தடவை சொல்வாளா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அந்த அமைதியான காரில் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் பழக்கங்களை மாற்றத் தொடங்கினோம். எதுவும் பெரிய காரியமில்லை. பேசுவதற்கு முன்னால் பெயரைச் சொல்லிக் கூப்பிடு, அல்லது தோளைத் தொடு, அவர் திரும்பிப் பார்த்த பிறகு பேசு. தொலைக்காட்சியை அணை. ஒரு நேரத்தில் ஒரு விஷயம். கேட்பதற்குச் சுலபம். மனைவிக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது சமையலறையிலிருந்து பேசுவதை நிறுத்துவதுதான். குழாயில் தண்ணீர் ஓடும், சட்டியில் தாளிப்பு பொரியும், அவள் பாட்டுக்குக் கதையை ஆரம்பித்துவிடுவாள். பாதியில் நினைவு வந்து, "அலமாக், யார்கிட்ட பேசுறேன் நான்!" என்று தானே சொல்லிக்கொண்டு கரண்டியோடு வெளியே வருவாள்.

என் பங்குக்கு நானும் ஒன்று பழகினேன். "என்னா?" என்று வெறுமனே கேட்டால் எதிராளி முழுவதையும் மறுபடி சொல்ல வேண்டும், எரிச்சல் வரும். கேட்ட பாதியைச் சொல்லிக் கேட்காத பாதியை மட்டும் கேட்கச் சொல்லியிருந்தார் ஆடியோலஜிஸ்ட். "வியாழக்கிழமைன்னு கேட்டுச்சு, எத்தன மணின்னு கேக்கல." இது நன்றாக வேலை செய்தது. மனைவிக்கும் நான் உண்மையிலேயே கேட்க முயற்சி செய்கிறேன் என்று தெரிந்தது.

எங்கள் வரிசை வீட்டில் தரை முழுக்க டைல்ஸ், சுவர் வெறுமை. பேசினால் எதிரொலிக்கும். ஒரு கம்பளமும் கனமான திரைச்சீலைகளும் போட்டோம். மனைவி வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த திரைச்சீலை அது. "டாக்டர் சொன்னாதான் வாங்கித் தருவீங்க போல," என்றாள். பள்ளி விட்டு வந்ததும் மகளிடம் அரைமணி நேரம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை என்று முடிவு செய்தோம். நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த பிள்ளை களைத்துத்தான் வரும். நானும் ஷிப்ட் முடிந்து அப்படித்தான் வருகிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. இருவரும் கம்பளத்தில் படுத்துக்கொண்டு பேசாமல் மைலோ குடிப்போம்.

சாயங்காலத்தில் பதினைந்து நிமிடம் பயிற்சி. கணினியில் ஒரு விளையாட்டு. இரைச்சலுக்கு நடுவே சொற்கள் வரும், சரியான படத்தைத் தொட வேண்டும். சரியாகத் தொட்டால் இரைச்சல் கூடும். மகளும் நானும் மாறி மாறி விளையாடினோம். முதல் வாரமே அவள் என்னை முந்திவிட்டாள். மூன்று மாதத்தில் நான் பிடிக்க முடியாத தூரத்துக்குப் போய்விட்டாள். "பரவால்லப்பா, உங்களுக்கு வயசாயிருச்சுலா," என்று ஆறுதல் வேறு.

பள்ளிக்கூடம் அவ்வளவு சுலபமாக இல்லை. ஆடியோலஜிஸ்ட் கொடுத்த கடிதத்தை ஆசிரியை இரண்டு முறை படித்தார்.

"நான் சத்தமாத்தான் சார் பேசுறேன். பக்கத்து கிளாஸ்லயே கேக்குதுன்னு சொல்றாங்க."

"சத்தம் போதும் டீச்சர். தெளிவாத்தான் வேணும்," என்றேன். சொல்லிவிட்டுப் பயந்தேன். அவர் தெளிவில்லாமல் பேசுவதாகச் சொன்னதுபோல் ஆகிவிட்டது. மனைவிதான் காப்பாற்றினாள். வகுப்பில் போய் மகளின் நாற்காலியில் உட்கார்ந்து, "டீச்சர், இங்க வந்து உக்காந்து பாருங்களேன்," என்றாள். ஆசிரியை உட்கார்ந்தார். தலைக்கு மேல் காற்றாடி கடகடத்தது. ஜன்னலுக்கு வெளியே உணவகம், தட்டுக் கழுவும் சத்தம். நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று சாதாரணக் குரலில் பத்து சொற்கள் சொன்னேன். ஆசிரியை எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். ஆனால் ஏழாவது சொல்லுக்கு அவர் முன்னால் சாய்ந்ததையும், புருவத்தைச் சுருக்கியதையும் நாங்கள் பார்த்தோம். அவரே எழுந்து, "எனக்கே கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு," என்றார்.

மறுநாளே மகளை முன்வரிசைக்கு, காற்றாடியும் ஜன்னலும் இல்லாத பக்கம் மாற்றிவிட்டார். வேலைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று பலகையில் எழுதிப் போடத் தொடங்கினார். அதில் மகள் மட்டுமல்ல, வேறு பல பிள்ளைகளும் பிழைத்துக்கொண்டார்கள் என்று பிறகு சொன்னார். அந்த வருடக் கோத்தோங் ரோயோங்கில், அதாவது பெற்றோர்கள் சேர்ந்து பள்ளியைத் துப்புரவு செய்யும் நாளில், பழைய டென்னிஸ் பந்துகளைக் கீறி அந்த வகுப்பின் எல்லா நாற்காலிக் கால்களிலும் மாட்டினோம். நாற்காலி இழுபடும் சத்தம் போய்விட்டது. முப்பது நாற்காலி, நூற்றிருபது பந்து. கீறிக் கீறி என் கட்டைவிரல் கொப்பளித்தது. ஒரு அப்பா, "பள்ளிக்கூடமே செருப்பு போட்டுக்கிச்சு," என்றார். அதை மட்டும் ஒரே தடவையில் கேட்டுவிட்டேன்.

பிறகு, ஆடியோலஜிஸ்ட் பரிந்துரைத்த ஒரு கருவி வந்தது. ஆசிரியை கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன மைக், மகளின் காதில் ஒரு சின்ன ரிசீவர். ஆசிரியை எங்கே நின்று பேசினாலும் குரல் அவள் காதுக்குள் நேராகப் போகும். சோதித்துப் பார்க்க முதலில் சில வாரங்களுக்கு இரவல் கொடுத்தார்கள். முதல் நாள் மகள் வீட்டுக்கு வந்து அரைமணி ஓய்வைக்கூட எடுக்கவில்லை.

"அப்பா, டீச்சர் என் பக்கத்துலயே உக்காந்து பேசுற மாதிரி இருக்கு!"

இரண்டாம் நாள் வேறு செய்தி. "அம்மா, டீச்சர் ஸ்டாஃப் ரூம்ல ரெண்டு கறிபாப் சாப்பிட்டாங்க. டயட்ல இருக்கேன், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு இன்னொரு டீச்சர்கிட்ட சொன்னாங்க."

ஆசிரியை மைக்கை அணைக்க மறந்து இடைவேளைக்குப் போயிருக்கிறார். மனைவி சிரித்துச் சிரித்துச் சோபாவில் சாய்ந்துவிட்டாள். மறுநாள் நான் போய் விஷயத்தை நாசூக்காகச் சொன்னேன். ஆசிரியை முகம் சிவந்து, பிறகு அவரும் சிரித்தார். "வேற என்னா கேட்டா சார்?" என்று மட்டும் கொஞ்சம் கவலையாகக் கேட்டார். வேறொன்றும் இல்லை என்றேன். இருந்தது. அதை நான் மகளிடம் மறந்துவிடச் சொல்லியிருந்தேன்.

வேலையிடத்தில் சொல்லத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. வேறு பகுதிக்கு மாற்றிவிடுவார்களோ என்று பயம். கடைசியில் ஒருநாள் தேநீர் நேரத்தில் மேற்பார்வையாளரிடம் ஆடியோலஜிஸ்டின் கடிதத்தைக் காட்டினேன். மலாய்க்காரர், என்னைவிட நாலு வயது பெரியவர். முழுவதும் படித்தார். "அதுதான் நீ எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்கிறாயா?" என்றார் மலாயில். ஆமாம் என்றேன். "எல்லாரும் அப்படிச் செய்தால் எனக்கு நிம்மதி," என்றார்.

அந்த மாதத்திலிருந்து எங்கள் குழுவில் எண்களை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லும் பழக்கம் வந்தது. பதின்மூன்று இல்லை, 'சத்து, திகா', அதாவது ஒன்று, மூன்று. முப்பது இல்லை, 'திகா, கோசோங்', மூன்று, சைபர். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஷிப்ட் மாறும்போது சொல்ல வேண்டியவற்றை வெள்ளைப் பலகையில் எழுதிவைத்துவிடுகிறோம். என்னைக் கிளிப்பிள்ளை என்றவர்கள் எல்லாரும் இப்போது கிளிப்பிள்ளைகள்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மத்தியானத்தில் கூரைத் தகரத்தில் மழை பெய்தால் மகளின் வகுப்பு அவளுக்கு அன்றோடு முடிந்தது. மைக்கும் உதவாது, ஆசிரியை எழுதிப் போட்டால் உண்டு. மூன்றாம் ஆண்டில் ஆசிரியை மாறினார், எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. நான்காம் ஆண்டில் எங்களைக் கூட்டிப்போகாமல் அவளே விளக்கிவிட்டாள். "டீச்சர், நான் கேக்காம இல்ல. எனக்கு மெதுவா வருது. வரலன்னா நான் கை தூக்கறேன், நீங்க இன்னொரு தடவ சொல்லுங்க." இதைச் சொல்வதற்கு முதல் நாள் எங்கள் முன்னால் நாலு முறை ஒத்திகை பார்த்தாள். வளர வளரக் கொஞ்சம் தேறலாம் என்று ஆடியோலஜிஸ்ட் சொல்கிறார். எனக்கு இனி பெரிதாக மாறாது. அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை. வீட்டில் சண்டைகள் இருக்கின்றன, ஆனால் இப்போது சண்டை போடும்போது இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றிச் சண்டை போடுகிறோம்.

போன மாதம் ஜொகூர் பாருவில் மனைவியின் சித்தி மகனுக்குக் கல்யாண விருந்து. மண்டபத்தில் முந்நூறு பேர், மேடையில் டி.ஜே., எங்கள் மேசைக்குப் பின்னாலேயே ஆள் உயர ஒலிபெருக்கி. முன்பெல்லாம் இப்படிப்பட்ட இடத்தில் சிரித்தபடி தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து தலைவலி மாத்திரை போடுவேன். அன்று மகள் என் சட்டைக் கையை இழுத்தாள். வாயை மட்டும் அசைத்தாள், சத்தமே இல்லாமல்: வெளிய போலாமா?

தட்டுகளை எடுத்துக்கொண்டு பக்கக் கதவு வழியாக வெளியே போனோம். கார் நிறுத்துமிடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் மகளின் ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"உள்ள ஒரே இரைச்சல் சித்தப்பா. இங்க வரலாமா?"

அவள் வந்தாள். அவளைத் தேடி அவள் தம்பி வந்தான். மனைவி கையில் ஒரு தட்டு நிறைய லட்டும் முறுக்குமாக வந்து, "எல்லாரும் இங்கதான் இருக்கீங்களா?" என்று எனக்கு எதிர்ப்படியில், என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். பிள்ளைகள் பள்ளியில் நடந்த கதைகளைச் சொன்னார்கள். கடைசியில் மாப்பிள்ளையே மாலையோடு சிகரெட் பிடிக்க வெளியே வந்தவர், எங்களைப் பார்த்ததும் சிகரெட்டைப் பையில் போட்டுவிட்டு ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு நின்றார்.

"அத்தான், வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

நல்லாப் போகுது என்றேன். பிறகு அவர் சிங்கப்பூரில் தான் புதிதாகச் சேர்ந்த வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். விடியற்காலையில் எல்லைப் பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் வரிசையைப் பற்றியும், கல்யாணத்துக்கு லீவு கேட்டபோது மேலாளர் தேதியைத் தப்பாகக் குறித்துக்கொண்டதைப் பற்றியும் விலாவாரியாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு சொல் தவறியது, கேட்டேன், திருப்பிச் சொன்னார். உள்ளேயிருந்து யாரோ மாப்பிள்ளையைத் தேடிக் கத்தும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.